ஜெர்மனியில் இடைக்காலப் பாணி கிறிஸ்துமஸ் சந்தை பார்க்க எங்கே போகலாம்? குழந்தையோடு போனால் சரிப்படுமா?

எஸ்லிங்கன் போங்கள். ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன், எனக்கு இது பக்கத்து ஊர் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். மியூனிக்கிலும் இதே பாணியில் ஒரு சந்தை உண்டு. ஆனால் அது பெருநகரத்தின் நடுவே ஒரு சதுக்கத்துக்குள் முடிந்துவிடும். எஸ்லிங்கனில் சுற்றியுள்ள ஊரே பழையது.

இரண்டாம் உலகப் போரில் ஸ்டுட்கார்ட்டின் மையப்பகுதி குண்டுவீச்சில் தரைமட்டமானது. எஸ்-பான் எனும் புறநகர் ரயிலில் கால் மணி நேரம் தள்ளியிருக்கும் எஸ்லிங்கன் பெரிய சேதமில்லாமல் தப்பித்தது. சந்தை நடக்கும் ஹாஃபன்மார்க்ட் சதுக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் மரச்சட்ட வீடுகள் 1330-ஐ ஒட்டிக் கட்டியவை. 866-லேயே சந்தை கூட்டும் உரிமை பெற்ற ஊர் வேறு. அதனால் சாக்குத்துணி அங்கி மாட்டிக்கொண்டு ஒருவர் சம்மட்டி அடிப்பது இங்கே அவ்வளவு செயற்கையாகத் தெரியாது.

மார்க்ட்பிளாட்ஸ் எனும் சதுக்கத்தில் இருப்பது மற்ற ஊர்களைப் போன்ற வழக்கமான கிறிஸ்துமஸ் சந்தை. அதை வேகமாகக் கடந்து பழைய நகர்மன்றம் இருக்கும் இடைக்காலச் சந்தைப் பக்கம் வந்துவிடுங்கள். கொல்லன், மெழுகுவர்த்தி தோய்ப்பவர், கம்பளி மிதித்துத் தொப்பி செய்பவர் என்று கைத்தொழில்காரர்கள் கண்முன்னே வேலை செய்வார்கள். நின்று பார்த்தால் முகம் சுளிப்பதில்லை, கேள்வி கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்கள். விலையை "இத்தனை தாலர்" என்று பழைய நாணயத்தின் பெயரில் சொல்வார்கள். பயப்பட வேண்டாம், யூரோதான். சில்லறையும் நோட்டும் கையில் இருக்கட்டும், எல்லாக் கடையிலும் கார்டை நம்ப முடியாது.

இதைச் சரித்திரப் பாடமாக மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். உருளைக்கிழங்கு ஐரோப்பாவுக்கு வந்ததே 16-ஆம் நூற்றாண்டில்தான். இங்கே அதையும் பொரித்து விற்பார்கள். சூடாக இருக்கும், பசிக்கும், வாங்கிச் சாப்பிடுங்கள்.

சைவம் என்றால் கேஸ்ஷ்பெட்ஸ்லே நல்ல தேர்வு: பாலாடைக்கட்டி போட்டுக் கிளறிய மாவுருண்டை, மேலே வதக்கிய வெங்காயம். மாவில் முட்டை இருக்கும், அது ஆகாதவர்கள் தவிர்க்கலாம். பீட்சா போன்ற மெல்லிய ஃப்ளாம்குகன் வாங்கினால் பன்றி இறைச்சித் துண்டுகள் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் அதோடுதான் வரும். குடிப்பவர்களுக்கு க்ளூவைன் எனும் மசாலா சேர்த்த சூடான ஒயினைவிடத் தேன் மது சூடாகக் கிடைத்தால் அதையே சொல்வேன். குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்பும். பிள்ளைகளுக்கு மது கலக்காத கிண்டர்புன்ஷ் இருக்கிறது.

குழந்தை விஷயம்: ஐந்தாறு வயதுக்கு மேல் என்றால் கூட்டிப் போங்கள், திரும்பி வர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. கையால் சுற்றும் மர ராட்டினம், வில் அம்பு எல்லாம் உண்டு. கைக்குழந்தை என்றால் யோசியுங்கள். தரை முழுக்க உருளைக்கல், தள்ளுவண்டி தடதடக்கும். சனிக்கிழமை மாலை தேர்த் திருவிழாக் கூட்டம்தான். வண்டியை நகர்த்தவே முடியாது, குழந்தை கண்ணுக்குத் தெரிவது பெரியவர்களின் கோட்டு மட்டும்.

எனவே வார நாளில் மதியம் மூன்று மணிவாக்கில் போய்ச் சேருங்கள். வெளிச்சத்தில் வீடுகளையும் புனித டியோனிஸ் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரங்களையும் பார்த்துவிடலாம் (இரண்டையும் உயரத்தில் ஒரு சிறு பாலம் இணைக்கிறது, தவறவிடாதீர்கள்). டிசம்பரில் நாலரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். தீப்பந்தமும் விறகுப் புகையும் வந்த பிறகுதான் இந்தச் சந்தைக்கே உயிர் வரும். காலில் தெம்பு இருந்தால் திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய படிகளில் ஏறிக் கோட்டைக்குப் போங்கள், ஊர் முழுதும் கீழே தெரியும்.

குளிருக்கு ஜாக்கெட்டைவிட முக்கியம் ஷூ. நின்றுகொண்டே சாப்பிட வேண்டியிருப்பதால் குளிர் முதலில் பாதத்தில்தான் ஏறும். கம்பளி சாக்ஸ், தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ போதும்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. தேதியை மட்டும் டிக்கெட் போடுவதற்கு முன் பார்த்துவிடுங்கள். நம் ஆட்கள் பலர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு என்று 24-ஆம் தேதியை ஒட்டித் திட்டம் போடுகிறார்கள். இந்தச் சந்தை நவம்பர் கடைசியில் தொடங்கி, பண்டிகைக்குச் சில நாள் முன்பே முடிந்துவிடும்.