இரவில் மரத்துப்போகும் கை: கீபோர்டு வாங்குவதற்கு முன்

கேள்வி: ஏழு ஆண்டுகளாக நிரல் எழுதும் வேலையில் இருக்கிறேன். சில மாதங்களாக இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. கையை உதறினால் சரியாகிவிடும். செங்குத்து மவுஸும் இரண்டாகப் பிரிந்த கீபோர்டும் வாங்கினால் போதுமா?

பதில்: வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். அடுத்த முறை விழிக்கும்போது எந்த விரல்கள் மரத்திருக்கின்றன என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி என்றால் மணிக்கட்டு வழியாக வரும் மீடியன் நரம்பு நெருக்கப்படுகிறது. இதுதான் கார்ப்பல் டனல் பிரச்சினை. சுண்டுவிரலும் மோதிர விரலின் மறுபாதியும் என்றால் அது அல்நார் நரம்பு. பெரும்பாலும் முழங்கையில்தான் சிக்கல் இருக்கும். அப்படியானால் எந்த மவுஸும் உதவாது. மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றுவதையும், அதை மடக்கியபடியே தூங்குவதையும் விட வேண்டும்.

உதறினால் சரியாகிறது என்பதால் உங்களுக்குக் கார்ப்பல் டனலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மணிக்கட்டில் எலும்புகளுக்கும் ஒரு தடித்த தசைநாருக்கும் நடுவே குறுகலான பாதை ஒன்று இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள்தான் போகின்றன. மணிக்கட்டு எந்தப் பக்கம் மடங்கினாலும் உள்ளே அழுத்தம் கூடும். தூக்கத்தில் நாம் அதை மடக்கித்தான் வைத்திருப்போம், அதுவும் மணிக்கணக்கில். பகலில் வேலை பார்த்த கை இரவில் தொல்லை தருவது இதனால்தான்.

அதனால் முதலில் வாங்க வேண்டியது ஸ்பிளின்ட், அதாவது மணிக்கட்டை மடங்கவிடாமல் நேராக வைக்கும் கட்டு. இரவில் மட்டும் போட்டால் போதும். இறுக்கிக் கட்ட வேண்டாம். பலன் தெரிய சில வாரங்கள் ஆகும். நாலு நாளில் கழற்றிவிடாதீர்கள்.

பகலிலும் இதே விதிதான், மணிக்கட்டு நேராக இருக்க வேண்டும். கீபோர்டின் பின்பக்கக் கால்களை மடக்கிவிடுங்கள். அவை கையை மேல்நோக்கி வளைக்கின்றன. மவுஸ் தோளை நீட்டாமல் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். கண்ட்ரோல் விசையைத் தேடிச் சுண்டுவிரல் ஓயாமல் நீள்கிறது என்றால், கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றிவிடுங்கள். செலவில்லாத வேலை, நான் யாருக்கும் முதலில் சொல்வது இதைத்தான்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்த பிறகு தட்டச்சு குறைந்துவிட்டதே, கைக்கு ஓய்வுதானே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கருவி எழுதித் தந்த நிரலைப் படித்துச் சரிபார்க்கும்போது கை மவுஸை விடுவதே இல்லை. சக்கரத்தை உருட்டிக்கொண்டு ஒரே நிலையில் உறைந்துவிடுகிறது. படிக்கும் நேரத்திலாவது மவுஸிலிருந்து கையை எடுங்கள். ஸ்க்ரோல் செய்யக் கீபோர்டு விசைகளே போதும்.

செங்குத்து மவுஸில் முன்கை அவ்வளவு திருகாது. சிலருக்கு அது இதமாக இருக்கிறது. கடன் வாங்கி ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் நெருக்கப்பட்ட நரம்புக்கு அதையே சிகிச்சையாக நினைத்துவிட வேண்டாம்.

இன்னொன்று, பழியை எல்லாம் கீபோர்டு மேல் போட முடியாது. சர்க்கரை நோய், தைராய்டு சுரப்புக் குறைவு, கர்ப்பம் ஆகியவையும் இதே தொல்லையைத் தரும். முதல் இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. ஆறு வாரம் ஸ்பிளின்ட் போட்டும் குறையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தேவைப்பட்டால் நரம்பு கடத்தும் வேகத்தை அளக்கும் பரிசோதனை செய்வார். பகலிலும் மரத்தே இருக்கிறது, கையிலிருந்து பொருள் நழுவுகிறது, கட்டைவிரலடிச் சதை வற்றுகிறது என்றால் அந்த ஆறு வாரமும் காத்திருக்கக் கூடாது. நரம்பு நிரந்தரமாகப் பழுதாகலாம். உடனே போங்கள்.