பச்சை ஒளி வந்துவிட்டது, ஆழ்ந்த புற ஊதா வருமா?

கேள்வி: நான் இயற்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மாணவி. ஓர் அமினோ அமிலத்தையும் போரிக் அமிலத்தையும் நீரில் கரைத்து, மெல்ல ஆவியாக விட்டுப் படிகம் வளர்த்திருக்கிறேன். 9 மி.மீ. நீளம், நல்ல தெளிவு. தூளாக்கி 1064 நானோமீட்டர் லேசரில் வைத்தால் பச்சை ஒளி வருகிறது, ஒப்பீட்டுக்கு வழக்கமாக வைக்கும் கேடிபி (பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்) படிகத்தைவிட 1.3 மடங்கு. நிறமாலையில் 210 நானோமீட்டர் வரை ஒளியை விடுகிறது. "ஆழ்ந்த புற ஊதா லேசருக்கு உகந்த புதிய படிகம்" என்று ஆய்வேட்டில் எழுதலாமா? வேறு என்ன சோதனை செய்ய வேண்டும்?

பதில்: படிகம் நன்றாக வந்திருக்கிறது. அந்த ஒரு வரியை மட்டும் எழுதாதீர்கள். வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வியே அங்கேதான் விழும்.

இந்தத் துறையில் ஆழ்ந்த புற ஊதா என்பது 200 நானோமீட்டருக்குக் கீழே உள்ள ஒளி. உங்கள் படிகம் 210-லேயே ஒளியை விழுங்கத் தொடங்கிவிடுகிறது. அது போகட்டும், அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் செய்தது இந்தக் கேள்விக்கான சோதனையே அல்ல. 1064 நானோமீட்டர் அலைநீளம் பாதியாகி 532 என்ற பச்சை ஒளி ஆனது; அலைநீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கிறது. உங்கள் படிகத்தால் அதிர்வெண்ணை இரட்டிக்க முடியும் என்று அது காட்டுகிறது. 400-ஐ 200 ஆக்குமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

தேர் இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எல்லோரும் ஒரே மூச்சில் வடத்தை இழுத்தால்தான் தேர் நகரும். முன்னால் இருப்பவர்கள் இழுக்கும்போது பின்னால் இருப்பவர்கள் தளர்த்தினால் வியர்வைதான் மிச்சம். படிகத்துக்குள்ளும் இதே கதைதான். உள்ளே நுழையும் ஒளி ஒவ்வொரு இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக இரட்டை அதிர்வெண் ஒளியை உண்டாக்குகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் போனால் எல்லாத் துளிகளும் சேர்ந்து பெருகும். வேகம் மாறினால் சில மைக்ரோமீட்டருக்குள்ளேயே ஒன்றை ஒன்று அழித்துவிடும். இதைத்தான் கட்டப் பொருத்தம் என்கிறோம். பொதுவாகக் குறுகிய அலைநீளத்துக்கு ஒளிவிலகல் எண் அதிகம் என்பதால் வேகங்கள் தாமாக ஒத்துப்போவதில்லை. படிகத்தின் இரட்டை ஒளிவிலகலை (ஒளி அதிரும் திசையைப் பொறுத்து ஒளிவிலகல் எண் மாறுவது; அந்த வேறுபாட்டின் அளவைத்தான் எண்ணாகச் சொல்கிறோம்) வைத்து, சரியான கோணத்தில் ஒளியை அனுப்பித்தான் ஒத்துப்போகச் செய்கிறோம்.

1961-இல் ஃபிராங்கனும் குழுவினரும் முதன்முதலாக ரூபி லேசரின் 694 நானோமீட்டர் ஒளியைக் குவார்ட்ஸில் செலுத்தி 347 நானோமீட்டர் பெற்றார்கள். படத்தில் விழுந்த புள்ளி அவ்வளவு மங்கல். அச்சிடும்போது அது அழுக்கு என்று நினைத்து அழித்துவிட்டார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை. குவார்ட்ஸ் புற ஊதாவை நன்றாக விடும், பெரிதாகவும் வளரும். ஆனால் அதன் இரட்டை ஒளிவிலகல் ஏறக்குறைய 0.009 மட்டுமே. கட்டம் பொருந்தவே பொருந்தாது.

புற ஊதாவுக்குள் போகப் போக இது இன்னும் கடினம். உறிஞ்சும் எல்லையை நெருங்கும்போது ஒளிவிலகல் எண் செங்குத்தாக ஏறும். அந்த ஏற்றத்தை ஈடுகட்டும் அளவுக்கு இரட்டை ஒளிவிலகல் வேண்டும். எல்பிஓ என்கிற லித்தியம் டிரைபோரேட்டைப் பாருங்கள். சுமார் 160 நானோமீட்டர் வரை ஒளியை விடுகிறது, ஆனால் நேரடி இரட்டிப்பில் சுமார் 277-க்குக் கீழே அதால் இறங்க முடியாது. அதன் இரட்டை ஒளிவிலகல் சுமார் 0.04 தான். பிபிஓ என்கிற பேரியம் போரேட் நேர்மாறு. 0.12 அளவுக்கு இரட்டை ஒளிவிலகல் இருக்கிறது, ஆனால் 189-லேயே உறிஞ்சத் தொடங்குவதால் 205-இல் நின்றுவிடுகிறது.

இரண்டும் சரியாக அமைந்தது கேபிபிஎஃப்: பொட்டாசியம், பெரிலியம், போரேட், ஃப்ளோரின். சீனாவில் சென் சுவாங்தியன் குழு உருவாக்கியது. பிபிஓவும் எல்பிஓவும் அவர்கள் கைவண்ணமே. கேபிபிஎஃப் 150-க்குச் சற்றுக் கீழ் வரை ஒளியை விடும். இரட்டை ஒளிவிலகல் சுமார் 0.08. நேரடி இரட்டிப்பில் 161 வரை போகும். 1064-இல் ஆறில் ஒரு பங்கான 177.3 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய 7 எலெக்ட்ரான் வோல்ட் ஒளி, இதிலிருந்து கிடைக்கிறது. மீகடத்திகளின் எலெக்ட்ரான்களை ஆராயும் ஒளிமின் உமிழ்வுக் கருவிகளுக்கு அது பெரிய வரம்.

ஆனால் வளர்ப்பவருக்கு அது தலைவலி. அப்பளம் அடுக்கியதுபோல அடுக்கடுக்காக வளரும், தடிமன் சில மில்லிமீட்டரைத் தாண்டுவதே பாடு. தேவையான கோணத்தில் வெட்டவும் முடியாது. அதனால் இரண்டு பட்டகங்களுக்கு நடுவே வைத்து, வெட்டாமலேயே ஒளியைச் சாய்த்து அனுப்பும் உத்தியைக் கண்டுபிடித்தார்கள். போதாக்குறைக்குப் பெரிலியம் தூள் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். உரிய மூடிய அமைப்பு இல்லாத கல்லூரி ஆய்வகத்தில் பெரிலியம் ஆக்சைடைத் தொடவே தொடாதீர்கள், வழிகாட்டி சொன்னாலும் சரி.

பெரிலியம் இல்லாமல் அதே வேலையைச் செய்யத்தான் இப்போது தேடல். 2017-இல் சீனாவின் உரும்சி நகரில் உள்ள குழு அறிவித்த அம்மோனியம் ஃப்ளூரோபோரேட்டில் போரானோடு ஃப்ளோரினே நேரடியாகப் பிணைந்திருக்கிறது. 156 நானோமீட்டர் வரை ஒளியை விடுகிறது, தூள் சோதனையில் கேடிபியைப் போல மூன்று மடங்கு. அதிலும் கவனியுங்கள், அவர்கள் தூள் சோதனையோடு நிற்கவில்லை, கட்டப் பொருத்தம் எதுவரை போகும் என்று கணக்கிட்டார்கள்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. முதலில் தூளைச் சல்லடைகளில் சலித்து, துகள் அளவு வாரியாகப் பிரித்து மறுபடி அளவிடுங்கள். துகள் பெரிதாகப் பெரிதாகப் பச்சை ஒளி கூடிக்கொண்டே போய்ச் சமநிலையில் நின்றால், 1064-இல் கட்டம் பொருந்துகிறது. ஓர் உச்சிக்குப் போய் இறங்கினால் பொருந்தவில்லை. ஒற்றை எண்ணாக 1.3 என்று எழுதினால் இது எதுவும் தெரியாது. அப்புறம் 532 லேசரை வைத்து 266 வருகிறதா என்று பிபிஓ தூளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதோடு முனைவாக்க நுண்ணோக்கியில் இரட்டை ஒளிவிலகலை அளவிடுங்கள். 0.03 என்று வந்தால் கனவை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

உங்கள் 210-க்குக் காரணம் பெரும்பாலும் அமினோ அமிலத்தின் கார்பாக்சில் தொகுதிதான். அந்தப் பகுதியில் உறிஞ்சுவது அதன் இயல்பு. எவ்வளவு தூய்மையாக வளர்த்தாலும் அது நகராது. நைட்ரேட்டும் பென்சீன் வளையமும் இன்னும் மோசம். நீரிலேயே வளர்க்க வேண்டுமென்றால் கரிமப் பகுதி இல்லாத போரேட்டுகளைப் பாருங்கள். 1970-களிலேயே பொட்டாசியம் பென்டாபோரேட்டை வைத்து 217 வரை இரட்டித்திருக்கிறார்கள். திறன் மிகக் குறைவு, ஆனால் வழி இருக்கிறது.

அடுத்த படிகத்தை அளக்கும்போது இன்னொன்று: பல கல்லூரி நிறமாலைமானிகள் 190-இல் நின்றுவிடும். அதற்குக் கீழே காற்றின் ஆக்சிஜனே ஒளியை விழுங்கும். கருவி நின்ற இடத்தைப் படிகத்தின் எல்லை என்று எழுதிய ஆய்வேடுகளை நானே பார்த்திருக்கிறேன். நைட்ரஜன் நிரப்பிய அல்லது வெற்றிடக் கருவி உள்ள இடத்தில் கேட்டு வாங்கி அளவிடுங்கள்.

இப்போதைய ஆய்வேட்டில், 266 சோதனை நன்றாக வந்தால், "532-இலிருந்து 266 நானோமீட்டர் பெறுவதற்கு ஆராயத்தக்கது" என்று எழுதுங்கள். சோதனை செய்யவில்லை என்றால் 266-ஐயும் எழுதாதீர்கள். கட்டம் பொருந்தும் திசை தெரிந்த பிறகு, சங்கரநாராயணன், ராமசாமி இருவரும் 2005-இல் வெளியிட்ட ஒற்றைத் திசை வளர்ப்பு முறையில் அந்தத் திசையிலேயே வளர்த்துப் பாருங்கள். வெட்டுச் சேதாரம் குறையும், 9 மி.மீ. என்பதும் கூடும்.