ஒற்று விட்ட வரி

அன்புள்ள சார்,

வணக்கம். உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. பாராட்டுக் கடிதமாக இருந்திருக்க வேண்டியது, கிட்டத்தட்ட புகார்க் கடிதமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் முதல் சிறுகதைத் தொகுப்பை 22 வயதில் வாசித்தேன். நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பன், ஒன்றுமில்லாத ஒரு சண்டைக்குப் பிறகு பேச்சை நிறுத்தியிருந்த சமயம். அதில் ஒரு கதையின் கடைசி வரி என்னைத் தூங்க விடவில்லை. அடுத்த வாரமே போய் இடது முன்கையில், கறுப்பு மையில், இரண்டு வரியாகப் பச்சை குத்திக்கொண்டேன்:

"திரும்பி வராதவர்களுக்காக
திறந்திருக்கிறது என் கதவு."

இப்போது எனக்கு 34. அந்த நண்பன் மூன்றே வருடத்தில் திரும்பி வந்துவிட்டான். (வந்ததும் கையைப் பார்த்துவிட்டு, "இது எனக்காகவாடா?" என்றான். இல்லை என்று சொல்லிவிட்டேன். இன்றும் மாதம் ஒருமுறையாவது வீட்டுக்கு வருகிறான்.) வேலைக்குப் போகும்போது முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொள்கிறேன். மறைக்காத நாட்களில் யாராவது சத்தமாக வாசித்துவிட்டு என் முகத்தைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

போன வாரம் என் 6 வயது மகள் என் கையை மடியில் வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டி முழுவதையும் வாசித்தாள். வாசித்து முடித்ததும் கேட்டாள், "யாருப்பா வரலை?" எனக்குப் பதில் வரவில்லை. போதாததற்கு, தெரிந்த தமிழாசிரியர் ஒருவர், "வராதவர்களுக்காகத் திறந்திருக்கிறது என்று ஒற்று மிக வேண்டுமே" என்கிறார்.

லேசரில் அழித்துவிடலாம் என்று நினைக்கிறேன். மனைவி, "அது பாட்டுக்கு இருக்கட்டும், யாரை என்ன பண்ணுது?" என்கிறாள். எனக்கோ அந்த வயதில் இருந்த என்னையே அழிப்பதுபோல ஒரு குற்றவுணர்ச்சி. எழுதியவர் நீங்கள் என்பதால் கேட்கிறேன். அழித்தால் உங்களுக்கு வருத்தமாக இருக்குமா?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

முதலில் ஒற்றுப் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். பிழை உங்களுடையது அல்ல, குத்தியவருடையதும் அல்ல. முதல் பதிப்பில் அந்த வரி ஒற்று இல்லாமல்தான் அச்சானது. மெய்ப்பு பார்த்தவன் நான். குத்தியவர் மூலபாடத்துக்கு என்னைவிட விசுவாசமாக இருந்திருக்கிறார். அந்தத் தமிழாசிரியரிடம், வரி முறிகிற இடத்தில் ஒற்று இல்லாவிட்டால் பாதகமில்லை என்று வாதாடிப் பாருங்கள். கவிதைக்காரர்கள் அப்படித்தான் தப்பிக்கிறார்கள்.

அடுத்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இரண்டாம் பதிப்பில் நான் அந்த ஒற்றைச் சேர்க்கவில்லை. வரியையே எடுத்துவிட்டேன். இப்போது கதை, அந்த அப்பா விளக்கை அணைப்பதோடு முடிகிறது. அந்தக் கதையில் கதவைச் சாத்தியவரே அவர்தான், நினைவிருக்கிறதா? மகன் வந்து தட்டியபோது எழுந்து போகாத மனிதர் கடைசியில் 'என் கதவு திறந்திருக்கிறது' என்று சொல்வது பொய். அவருடைய பொய்யாகக்கூட அது வரவில்லை. கைதட்டல் வேண்டும் என்று நான் சொன்ன பொய்யாக வந்துவிட்டது. பென்சிலால் ஒரு கோடு இழுத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. எனக்கு வருத்தமாக இருக்குமா என்று கேட்கிறீர்கள். உங்களுக்குப் பத்து வருடம் முன்பே அதை அழித்தவனிடம் கேட்கிற கேள்வியா இது!

இன்னொரு வேடிக்கை. பச்சை குத்தும் மின் இயந்திரத்துக்கு அமெரிக்காவில் முதலில் காப்புரிமை வாங்கியவர் நியூயார்க்கைச் சேர்ந்த சாமுவேல் ஓ'ரைலி, 1891-இல். அவர் அடிப்படையாக எடுத்துக்கொண்டது எடிசனின் மின்பேனா. 1876-இல் காப்புரிமை பெற்ற அந்தப் பேனா தோலில் எழுத வந்ததல்ல. காகிதத்தில் ஊசியால் நுண்துளைகள் போட்டு, அதன்வழியே மையை உருட்டி, ஒரு கடிதத்துக்குப் பல பிரதிகள் எடுப்பதற்கான கருவி. ஆக, உங்கள் கையில் இருப்பதும் ஒரு வகையில் பதிப்புதான். அடுத்த பதிப்பு போடுவது மட்டும் கஷ்டம்.

எவ்வளவு கஷ்டம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். ஊசி மையை மேல்தோலில் விடுவதில்லை. விட்டிருந்தால் சில வாரங்களில் தோல் உதிர்வதோடு அதுவும் போயிருக்கும். அதற்கடியில் இருக்கும் உள்தோலில் விடுகிறது. வேற்றுப்பொருள் வந்துவிட்டது என்று உடம்பின் காவல் செல்கள் ஓடிவந்து மைத்துகள்களை விழுங்குகின்றன. விழுங்க முடிகிறதே தவிர செரிக்க முடிவதில்லை. வாயில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிடுகின்றன. அந்தச் செல்கள் அப்படியே நம்மோடு கடைசிவரை இருக்கின்றன என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2018-இல் பிரான்சின் மார்செய் நகர ஆராய்ச்சியாளர்கள் எலிகளை வைத்துக் காட்டியது வேறு. அந்தச் செல்கள் சாகின்றன. சாகும்போது கொட்டும் மையைப் பக்கத்தில் புதிதாக வந்த செல்கள் எடுத்துக்கொள்கின்றன. படம் அப்படியே இருக்கிறது, தாங்கும் ஆட்கள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் எழுந்து உலாத்தினேன். உங்கள் கடிதம் வந்ததும் மறுபடி ஞாபகம் வந்தது. 22 வயதில் உங்களிடம் இருந்த காவல் செல்களில் எத்தனை இன்று மிச்சமிருக்கும்? அந்த வரியை அன்று பிடித்த செல்கள் போயிருக்கும். என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாத அடுத்தடுத்த தலைமுறைகள் வாங்கி வைத்திருக்கும். 'அந்த வயதில் இருந்த என்னையே அழிப்பதுபோல' என்கிறீர்கள். அவர் அங்கே இல்லை சார். அவருடைய மை இருக்கிறது, அவ்வளவுதான்.

லேசர் செய்வது மையை உடைப்பது மட்டும். நூறு கோடியில் ஒரு பங்கு விநாடி, புதிய கருவிகளில் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில் நீளும் ஒளித்துடிப்பு. மை அந்த ஒளியை உறிஞ்சி நொறுங்குகிறது, சுற்றியுள்ள தோல் சூடேறுவதற்குள் துடிப்பு முடிந்துவிடுகிறது. நொறுங்கியதைத் தூக்கிப்போவது உங்கள் உடம்பின் வேலை. அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் ஒரு அமர்வுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறார்கள். ஆறு, எட்டு, பத்து அமர்வுகள் ஆகலாம், அதற்கு மேலும் போகலாம். ஒரு மணி நேரத்தில் குத்தியதை எடுக்க ஒரு வருடத்துக்கு மேல். முழங்கைக்கு அருகில் இருப்பதைவிட மணிக்கட்டுப் பக்கம் இருப்பது மெதுவாகத்தான் மங்கும். இதயத்திலிருந்து தள்ளிப்போகப் போக அப்படித்தான்.

உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம், மை கறுப்பு. கறுப்பு எல்லா அலைநீளத்தையும் விழுங்கும். பச்சையும் நீலமும் வேறு வேறு லேசர் கேட்கும், மஞ்சள் லேசில் அசையாது. வெள்ளையும் தோல்நிறமும் லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு. உங்கள் தோல் மாநிறமோ கறுப்போ என்றால், 1064 நானோமீட்டர் அலைநீள லேசர் இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்த அலைநீளங்கள் மையோடு சேர்த்துத் தோலின் சொந்த நிறத்தையும் தாக்கி, வெள்ளையாகவோ கருமையாகவோ திட்டு விட்டுப் போகலாம். காயம் பட்டால் தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். முதலில் ஓரமாக ஒரு சின்ன இடத்தில் அடித்துப் பார்த்து, சில வாரம் காத்திருக்கச் சொல்லுகிற தோல் மருத்துவரிடம் போங்கள். இரண்டே அமர்வில் சுத்தமாகப் போய்விடும் என்று சொல்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். அமிலக் களிம்பு பக்கமே போக வேண்டாம். ஆறாம் நூற்றாண்டு கிரேக்க மருத்துவர் ஏட்டியஸ் எழுதிவைத்த முறையும் தோலைப் புண்ணாக்கி எடுப்பதுதான். ஆயிரத்தைந்நூறு வருடம் கழித்தும் அதையே டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

வலி? எண்ணெய் தெறிப்பதுபோல என்பார்கள். ஒளி பட்ட இடம் வெள்ளையாகப் பூத்து, கொஞ்ச நேரத்தில் அடங்கும். கொப்புளம் வரலாம். எல்லாம் முடிந்த பிறகும் ஒரு நிழல் மிஞ்சலாம், சரியான வெளிச்சத்தில் தெரிந்தவர்களுக்குத் தெரிகிற மாதிரி. உடைந்த மையிலும் ஒரு பகுதி நிணநீர்க் கணுக்களில் போய்த் தங்கிவிடுகிறது. முழுதாக அழிப்பது என்று ஒன்று இதில் கிடையாது. திருத்தத்துக்குத்தான் இடமுண்டு.

திருத்தம் என்றதும் நடிகர் ஜானி டெப் நினைவுக்கு வருகிறார். நடிகை வினோனா ரைடரைக் காதலித்த நாட்களில் மேல்கையில் 'வினோனா ஃபாரெவர்' (என்றென்றும் வினோனா) என்று குத்திக்கொண்டார். பிரிந்த பிறகு அவர் பெயரின் கடைசி இரண்டு ஆங்கில எழுத்தை மட்டும் எடுத்து 'வைனோ ஃபாரெவர்' ஆக்கிவிட்டார். என்றென்றும் குடிகாரன்! நல்ல எடிட்டர். உங்கள் வரியில் நானும் முயன்று பார்த்தேன். முதல் வரியை எடுத்துவிட்டால் 'திறந்திருக்கிறது என் கதவு' மிஞ்சும். கடைக்குப் போடுகிற பலகை மாதிரி இருக்கிறது, வேண்டாம். மேலே வேறு படம் போட்டு மூடலாம். அதற்கும் இரண்டு மூன்று அமர்வு மங்கவைத்தால் வசதி. ஆனால் ஒரு வரியை மறைக்க அதைவிடப் பெரிதாக ஒன்றைச் சுமக்க வேண்டியிருக்கும். எனக்கு அது பிடிக்கவில்லை.

பச்சையை அழிக்கவே கூடாது, அது வாழ்க்கையின் சாட்சி என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். சாட்சியாக வைத்திருந்தவர்கள் உண்டு. இத்தாலிய எழுத்தாளர் பிரைமோ லெவியின் கையில் நாஜிகளின் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் 174517 என்று குத்தினார்கள். விடுதலையான பிறகும் அவர் அதை எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று கேட்டவர்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருக்கிறார், இந்தச் சாட்சியத்தைச் சுமக்க உலகில் எங்களில் எத்தனை பேர் இருக்கிறோம் என்று. இன்று அந்த எண் அவர் கல்லறையில் இருக்கிறது. கையில் குத்திய அந்த எண் அவர் கேட்டு வாங்கியது அல்ல. அதை எடுத்தால் யாருக்கு லாபம் என்று அவருக்குத் தெரியும். உங்கள் வரி எதற்கும் சாட்சி இல்லை. ரூம்மேட் பேசாமல் போன துக்கத்தில் ஒரு பையன் ஒரு சுமாரான கதையின் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொள்ள அன்று அது உதவியிருந்தால் எனக்குச் சந்தோஷம். உதவி முடிந்த பிறகும் அதைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

அதனால் அழியுங்கள் என்பதுதான் என் கட்சி. ஒன்றே ஒன்று, பரிதாபமாகப் பார்க்கிறவர்களுக்காக என்றால் வேண்டாம். அவர்களுக்கு நாளைக்கு அந்த நிழலும் பரிதாபமாகத்தான் தெரியும்.

உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். "யாருப்பா வரலை?" பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள். வந்துவிட்டான். மாதம் ஒருமுறையாவது அவள் வீட்டிலேயே உட்கார்ந்து பேசிவிட்டுப் போகிறான். அவளிடம் அதைச் சொல்லுங்கள். அவனிடம் ஒன்பது வருடம் முன்பு 'இல்லை' என்று சொன்னீர்களே, அதையும் சரிசெய்துவிடுங்கள். ஆனால் முதல் அமர்வுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஆறாவதுக்குப் பிறகு சொன்னால், கையைக் காட்டச் சொல்வான், காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது.