முதல் தடவையாக மூன்று நாள் குதிரைப் போட்டி: ஐஸ் எத்தனை கிலோ?

கேள்வி: ஐயா, நான் கோலாலம்பூர் பக்கம் செராஸில் இருக்கிறேன். வயது 27. என் குதிரை முத்து, பதினொரு வயது தரோபிரெட் என்கிற பந்தய இனம். சுங்கை பெசியில் ரேஸ் ஓடிவிட்டு ஓய்வு பெற்றது. டிரஸ்ஸாஜ் (சொன்னபடி அடக்கமாக நடை போடுவது) சுமாராக வருகிறது. மைதானத்தில் தடை தாண்டும் ஷோ ஜம்பிங்கில் 90 சென்டிமீட்டர் தடைகளைத் தட்டாமல் தாண்டுகிறோம். இன்னும் பன்னிரண்டு வாரத்தில் எங்களுக்கு முதல் தடவையாக மூன்று நாள் போட்டி, 90 சென்டிமீட்டர் பிரிவு. காடு மேட்டில் தடை தாண்டி ஓடும் கிராஸ் கன்ட்ரியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. இன்னும் உயரமாகத் தாண்டப் பழக்க வேண்டுமா? வாரத்துக்கு எத்தனை நாள் வேகமாக ஓட்டுவது?

பதில்: உயரத்தை விட்டுவிடுங்கள். 90ஐத் தட்டாமல் தாண்டுகிற குதிரைக்கு 90 பிரிவு போதும். இந்தப் பன்னிரண்டு வாரத்தில் ஒரு மீட்டருக்கு ஏற்றினால் கால்தான் கெடும். நீங்கள் கேட்காமல் விட்ட ஒன்றைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன். குதிரையின் உடம்புக்குள் சேரும் சூடு.

மூன்று நாள் போட்டி ராணுவக்காரர்கள் உண்டாக்கியது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்த்தபோது ராணுவ அதிகாரிகள் மட்டும்தான் ஓட்டினார்கள். அணிவகுப்பில் அடக்கமாக நடக்கிற குதிரை, காடு மேடெல்லாம் ஓடி முடித்து மறுநாளும் வேலைக்கு ஆகுமா என்பதுதான் சோதனை. முன்பு இரண்டாம் நாளில் சாலை ஓட்டம், ஸ்டீப்பிள்சேஸ் (வேகமாகத் தடை தாண்டும் ஓட்டம்) என்று பல கட்டங்கள் இருந்தன. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது முதல் நாள் டிரஸ்ஸாஜ், இரண்டாம் நாள் கிராஸ் கன்ட்ரி, மூன்றாம் நாள் ஷோ ஜம்பிங். தூரம் சுருங்கியதே தவிர, மூன்றாம் நாள் காலையில் குதிரை நொண்டாமல் நிற்க வேண்டும் என்கிற பழைய கணக்கு மாறவில்லை.

நம் கைக்கு வருகிற பயிற்சிப் புத்தகங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. குதிரையின் தசை எரிக்கிற சக்தியில் முக்கால் பங்குக்கு மேல் சூடாகத்தான் போகும். வியர்வை காய்ந்தால் அந்தச் சூடு வெளியேறும். கோலாலம்பூரில் வியர்வை எங்கே காய்கிறது? சொட்டுகிறது. மழைக்காலத்தில் துணி காயப்போடுகிற எவருக்கும் இது நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதனால் முதல் வேலை, ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு வெப்பமானி, ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்குவது. முத்து லாயத்தில் சும்மா நிற்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை, மூச்சு 8 முதல் 16 வரை, உடல் வெப்பம் 37.2 முதல் 38.3 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். இதற்குள் முத்துவின் சொந்த எண் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இடது முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால், வயிற்றுவார் போகிற இடத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, 15 விநாடி எண்ணி, நான்கால் பெருக்குங்கள். லப், டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு. முதல் தடவை எல்லோரும் அதை இரண்டாக எண்ணிவிட்டு, ‘ஐயா, 76 காட்டுது’ என்று பதறிப்போய் வாட்சாப் அனுப்புவார்கள்.

அப்புறம் கால்கள். ரேஸ் ஓடிய குதிரை என்பதால் இதில் சோம்பல் கூடாது. தினமும் வேலைக்கு முன், கட்டு எதுவும் போடாமல், முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாரின் மேல் உள்ளங்கையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். இரண்டு காலையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் வெதுவெதுப்பு, லேசான உப்பல், அழுத்தினால் காலை இழுத்துக்கொள்வது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு ஓட்டம் இல்லை, டாக்டருக்குத்தான் போன். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைநாரும் எலும்பும் மாதக் கணக்கில்தான் தேறும். பழைய ரேஸ் குதிரைக்கு மூச்சு சீக்கிரம் வந்துவிடுவதால், ஓட்டுகிறவர் கால் இன்னும் தயாராகவில்லை என்பதை மறந்துவிடுகிறார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேகமாக ஓட்டுவது நான்கு நாளைக்கு ஒருமுறை, அதற்கு மேல் வேண்டாம். முதல் நான்கு வாரம் அதுவும் கிடையாது. நீண்ட நடை, டிராட் (துள்ளுநடை), மேடு. புக்கிட் கியாரா மாதிரி ஏற்ற இறக்கம் உள்ள இடமோ, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையோ கிடைத்தால் ஒன்றரை மணி நேரம்கூடப் போகலாம். மேடு ஏறினால் வேகமில்லாமலே மூச்சு கூடும், காலுக்கும் அடி குறைவு. ஐந்தாவது வாரத்திலிருந்து இடைவெளிப் பயிற்சி. மூன்று நிமிடம் கேன்டர் (மெதுவான பாய்ச்சல்), மூன்று நிமிடம் நடை, இப்படி மூன்று சுற்று. மெல்ல மெல்ல ஐந்து நிமிடச் சுற்றுகளுக்குக் கொண்டு போங்கள். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், பிறகு வேகத்தை. ஒரே வாரத்தில் இரண்டையும் கூட்டாதீர்கள்.

வேகத்தை எப்படி அறிவது? 400 மீட்டரை அளந்து இரண்டு முனையிலும் கொடி நடுங்கள். சரியாக ஒரு நிமிடத்தில் கடக்கப் பழகுங்கள். பத்துத் தடவை செய்தால், கடிகாரத்தைப் பார்க்காமலே அந்தத் தாளம் இடுப்புக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பயிற்சியிலும் கடைசிச் சுற்று முடிந்து பத்து நிமிடம் கழித்து நாடியை எண்ணி எழுதுங்கள். எண்டியூரன்ஸ் எனும் நெடுந்தூர ஓட்டங்களில் டாக்டர்கள் வைத்திருக்கும் வரம்பு 64. முத்துவும் அதற்குள் இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் அடுத்த பயிற்சியைக் கூட்டாதீர்கள், அதே அளவில் நில்லுங்கள். கடைசி வேக ஓட்டம் போட்டிக்கு நான்கைந்து நாள் முன்பே முடிந்துவிட வேண்டும்.

நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடிகிறது. காலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருந்தாலும் வெயில் இல்லாததால் வேகப் பயிற்சிக்கு அதுதான் நேரம். மாலையை நம்பாதீர்கள், மூன்று மணிக்கு மேல் இடி எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் போட்டியில் உங்கள் முறை பத்தரைக்கோ பதினொன்றுக்கோ வரலாம். அதனால் கடைசி மூன்று வாரத்தில் வாரம் இரண்டு நாள் பத்து மணி வெயிலில் இலகுவான வேலை கொடுங்கள். வெயிலுக்கு உடம்பு பழக அவ்வளவு காலம் பிடிக்கும். நாள் முழுக்கக் காற்றாடிக்கு அடியில் நிற்கிற குதிரை, உள்ளூர்க் குதிரையாக இருந்தாலும் வெளிநாட்டுக் குதிரை மாதிரிதான்.

ஓட்டி முடித்த முத்துவின் மேல் வியர்வை எங்கெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். பிடரிக்கு அடியிலும் சேணத்துக்கு அடியிலும் மட்டும் நனைந்து, மற்ற இடமெல்லாம் வறண்டு, மூக்குத்துளை விரிந்து நாய் மாதிரி இரைத்தால், அது உடல் தகுதிக் குறைவு அல்ல, வியர்க்காமல் போகும் நோய். வெப்ப நாடுகளில் தரோபிரெட்டுகளுக்கு இது வருவதுண்டு. நிச்சயமான மருந்து கிடையாது. அப்படி இருந்தால் போட்டியை மறந்துவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

நன்றாக வியர்க்கிற குதிரைக்கு வேறு ஒரு சங்கடம். கடும் வேலையில், நம் வெக்கையில், மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்வை போகும். அதில் நம் வியர்வையைவிட உப்பு அதிகம். தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போவதால் ரத்தத்தில் உப்பின் செறிவு கூடுவதில்லை. மூளைக்குத் தாகம் உறைப்பதில்லை. நீர் வற்றிய குதிரை வாளியை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தினமும் தீனியில் இரண்டு மேசைக்கரண்டி சாதா உப்பு, ஏறக்குறைய 35 கிராம், போடுங்கள். நன்றாக வியர்த்த நாளில் எலக்ட்ரோலைட் எனும் உப்புக் கலவையும் தரலாம், ஆனால் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்க வேண்டும். குடிக்காத குதிரையின் வாயில் எலக்ட்ரோலைட் பசையைத் திணிப்பது கெடுதல்.

கிராஸ் கன்ட்ரி பயத்துக்குக் கணக்கு ஒன்று சொல்கிறேன். சர்வதேச விதிப்படி ஒரு தடையில் குதிரை முதல் முறை மறுத்தால் 20 பெனால்டி, அதே தடையில் மறுபடி மறுத்தால் 40. நீங்கள் விழுந்தால் போட்டியே முடிந்தது. நேரம் தாண்டினாலோ விநாடிக்கு வெறும் 0.4. அரை நிமிடம் தாமதமாக வந்தால் 12 புள்ளிதான் போகும். முதல் போட்டியில் அந்த அரை நிமிடத்தை தாராளமாகச் செலவழியுங்கள். மெதுவாகப் போனால் சூடும் குறைவு. பாதையை மூன்று தடவையாவது நடந்து பாருங்கள், கடைசித் தடவை யாரும் கூட வராமல். தண்ணீர்த் தடை பயமென்றால், மழை விட்டதும் தேங்குகிற செம்மண் குட்டையில் நடக்க வைத்துப் பழக்குங்கள். தரை தெரியாத தண்ணீரில் குதிரை உங்களை நம்ப வேண்டும், அவ்வளவுதான்.

இனி ஐஸ். ஓடி முடிந்ததும் குதிரையின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம். நின்றபிறகும் தசையிலுள்ள சூடு ரத்தத்தில் கலந்து இன்னும் ஏறும். முதல் அளவை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல் பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சூடான குதிரை மேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் தசை பிடித்துக்கொள்ளும் என்று நம் பழைய சைஸ்மார்கள் (குதிரை பராமரிப்பவர்கள்) சொல்வார்கள், நானும் அவர்களிடம்தான் தொழில் கற்றேன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கை ஒட்டி நடந்த ஆராய்ச்சிகளில் அது தவறென்று தெளிவாகிவிட்டது. உடம்பு முழுவதும், குறிப்பாகத் தொடை, பிட்டம், கழுத்து, நிறுத்தாமல் ஊற்ற வேண்டும். நடுவில் தண்ணீரை வழித்துக்கொண்டிருப்பது நேர விரயம். ஈரத் துண்டைப் போர்த்துவது அதைவிட மோசம். நான் ஓட்டிய காலத்தில் ஒரு போட்டியில் அக்கறையாக இரண்டு துண்டு போர்த்திவிட்டுத் தே தாரிக் குடிக்கப் போனேன். திரும்பி வந்து தூக்கினால் துண்டு வெந்நீரில் முக்கியது மாதிரி இருந்தது. குதிரை தள்ளாடிக்கொண்டு நின்றது. பிழைத்தது என் அதிர்ஷ்டம்.

நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 100 லிட்டரை 12 டிகிரிக்கு இறக்க 17, 18 கிலோ ஐஸ் வேண்டும். உங்களுக்கு அப்படி இரண்டு பெரிய டிரம் தேவைப்படும். வெயிலில் உருகுவதையும் சேர்த்து 50 கிலோ வாங்குங்கள். வாளி மூன்று, ஊற்ற ஆள் இரண்டு, கடிவாளம் பிடித்து நடத்த ஒருவர். வெப்பம் 39க்குக் கீழே வரும்வரை ஊற்றுவது, நிழலில் சற்று நடத்துவது, மறுபடி ஊற்றுவது. நடுவில் தண்ணீர் கேட்டால் குடிக்க விடுங்கள். வயிற்றுவலி வரும் என்பதும் பழைய பயம்தான். 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெங்களூருவின் ஃபுவாத் மிர்சா இதே மூன்று நாள் போட்டியில் தனிநபர் வெள்ளி வாங்கியது இதே மாதிரி புழுக்கமான ஜகார்த்தாவில். நம் வெயிலில் முடியாத காரியம் இல்லை.

மருந்து விஷயத்தில் வீட்டுப் பழக்கம் ஆபத்து. 2008 ஒலிம்பிக்கின் குதிரைப் போட்டிகள் ஹாங்காங்கில் நடந்தபோது நான்கு ஷோ ஜம்பிங் குதிரைகளின் உடம்பில் கேப்சைசின் இருந்தது தெரிந்து தடை செய்தார்கள்; நார்வே அணி வெண்கலத்தையே இழந்தது. அது மிளகாயின் காரச் சத்து, வலித் தைலங்களிலும் வரும். காபியில் உள்ள காஃபீனும் கோக்கோவில் உள்ள தியோபுரோமினும் அதே தடைப் பட்டியலில்தான். கோக்கோ கலந்த மைலோ குடித்த டம்ளரைத் தீனி வாளியில் கழுவுகிற தம்பிகளை நான் பார்த்திருக்கிறேன்.

டிரஸ்ஸாஜுக்கு அதிகம் சொல்வதற்கில்லை. வார்ம்-அப்பை 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள். மறுநாளைக்கான சக்தியை அங்கே தீர்த்துவிடக் கூடாது.

இரண்டாம் நாள் மாலை முத்துவை லாயத்தில் அடைத்துவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் நடத்துங்கள், லாடம் இறுகி இருக்கிறதா பாருங்கள், இருட்டுவதற்குள் கெட்டித் தரையில் ஒருமுறை டிராட் விட்டுப் பாருங்கள். ஷோ ஜம்பிங்குக்கு முன் நடக்கும் பரிசோதனையில் நீங்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டே முத்துவை டிராட் விட வேண்டும். அதை வீட்டிலேயே பழக்குங்கள். கயிற்றை இறுக்கிப் பிடித்துத் தலையை இழுத்தால் நல்ல குதிரையும் நொண்டுவது போலத் தெரியும்.

உங்கள் உடம்புக்கு ஜிம் தேவையில்லை. வாரம் இரண்டு நாள் விடியலில் பத்துமலைக்குப் போய் 272 படியை நிற்காமல் ஏறி இறங்குங்கள். உச்சியில் மூச்சு வாங்கும்போதே சேணத்தில் எழும்பி நிற்கிற மாதிரி முழங்காலை மடக்கி இரண்டு நிமிடம் நில்லுங்கள். குரங்குகள் வேடிக்கை பார்க்கும், பரவாயில்லை. பாதுகாப்புக் கவச உடையைப் போட்டி நாளன்று முதல்முறையாக மாட்டாதீர்கள், வெயில் பழக்கும் அந்த நாட்களிலேயே போட்டு ஓட்டுங்கள்.

வெப்பமானி வாங்கும்போது அதன் முனையில் ஒரு முழ நூலைக் கட்டி, நூலின் மறுமுனையில் துணிக்கிளிப் ஒன்றை மாட்டுங்கள். குதிரைக்கு ஆசனவாயில்தான் அளப்பது; அப்போது கிளிப்பை வாலில் பிடிக்க விட வேண்டும். ஏன் என்று முதல் வாரத்திலேயே முத்து உங்களுக்குக் காட்டிவிடும்.