அறுபது நாளில் உடம்பு தேறிவிடுமா?

கேள்வி: பினாங்கில் பிறை என்ற ஊரில் ஒரு சின்ன அச்சகத்தில் மூன்று வருடமாக வேலை செய்கிறேன். மொத்தமே பன்னிரண்டு பேர். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற பேக்கிங் வேலை. இப்போது எட்டாவது மாதம். முதல் குழந்தை ஆபரேஷன், இதுவும் அப்படித்தான் என்று சொல்லிவிட்டார்கள். முதலாளி நல்லவர்தான். ஆனால், "அறுபது நாள் சம்பளத்தோடு எடுத்துக்கொள், அதற்கு மேல் எனக்குக் கட்டுப்படியாகாது, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு" என்கிறார். அறுபது நாள் போதுமா டாக்டர்? இதையெல்லாம் அரசாங்கம் கட்டாயப்படுத்தலாமா என்று என் கணவரே கேட்கிறார்.
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, முதலில் அந்தக் கையெழுத்தைப் போடாதீர்கள்.

2023 ஜனவரி 1 முதல் மலேசியாவின் 1955 வேலைச் சட்டம் உங்களுக்குத் தருவது 98 நாள், சம்பளத்தோடு. ஆள் குறைவான கம்பெனி என்று விலக்கு எதுவும் இல்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக நீங்களே எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது.

சரி, உடம்புக்கு வருவோம். ஆபரேஷன் தையல் வெளியே இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துத்தான் எல்லாரும் "தேறிவிட்டாள்" என்கிறார்கள். உள்ளே கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். வயிற்றுச் சுவர் பலம் பெற மாதக்கணக்காகும். காலில் ரத்தம் உறைகிற ஆபத்து முதல் ஆறு வாரம் மிக அதிகம், பன்னிரண்டு வாரம் வரை கொஞ்சம் மிச்சம் இருக்கும். 98 நாள் என்பது பதினான்கு வாரம். அறுபது நாள் ஒன்பது வாரம்கூட இல்லை.

சட்டம் அறுபது நாளாக இருந்த காலத்தில் ஒரு பெண் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் முடிந்து நேராக என் கிளினிக்குக்கு வந்தார். நீலச் சீருடையின் முன்பக்கம் பால் ஊறி, வட்டம் வட்டமாகக் காய்ந்திருந்தது. மார்பு கல்லாகக் கட்டியிருந்தது, காய்ச்சல் 39 டிகிரி. பால் எடுக்க இடம் கேட்டதற்கு ஸ்டோர் ரூமைக் காட்டினார்களாம், கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. குழந்தைக்கு அன்று அறுபத்தெட்டு நாள். பாட்டி மடியில் புட்டிப்பாலை வேண்டாமென்று முகத்தைத் திருப்பி அழுதுகொண்டிருந்தது. மருந்தும் இரண்டு நாள் எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அவர் திரும்பவும் அதே ஸ்டோர் ரூமுக்குத்தான் போயிருப்பார். இன்றும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

உங்கள் கணவருக்கு என் பதில்: கட்டாயப்படுத்தத்தான் வேண்டும். உங்கள் முதலாளி நல்லவர், அவரே அறுபதில் நிற்கிறார். பக்கத்து அச்சகம் கொடுக்காதபோது தான் மட்டும் கொடுத்தால் நஷ்டம் என்ற பயம் அவருக்கு. எல்லாருக்கும் ஒரே சட்டம் என்றால்தான் அந்தப் பயம் போகும்.

அவர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. நம் நாட்டில் இந்தச் சம்பளம் முழுக்க முதலாளி தலையில்தான் விழுகிறது. சிங்கப்பூரில் குழந்தை அந்நாட்டுக் குடியுரிமை பெற்றதென்றால் 16 வாரம். முதல் இரண்டு பிள்ளைகளுக்குப் பாதியை, அதாவது எட்டு வாரச் சம்பளத்தை, அரசாங்கம் முதலாளிக்குத் திருப்பித் தருகிறது. இங்கேயும் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மாதிரி ஒரு பொது நிதியிலிருந்து கொடுத்தால், சின்ன முதலாளிகள் கல்யாணமான பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க மாட்டார்கள். அது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. அதுவரைக்கும் உங்கள் முப்பத்தெட்டு நாளைப் பிடித்துக்கொள்வது முறையில்லை.

பிரசவத்துக்கு 30 நாள் முன்பிருந்தே விடுப்பைத் தொடங்கலாம். உடம்பு இடம் கொடுத்தால் முடிந்தவரை குழந்தை பிறந்த பிறகுக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுப்பு எடுக்கப்போவதை இப்போதே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கடுமையான தலைவலியோடு கண் மங்கினாலோ, ரத்தப்போக்கு திடீரென்று கூடினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போங்கள், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் மனசு பாரமாகவே இருந்தால் கிளினிக்கில் வாய்விட்டுச் சொல்லுங்கள், அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

முதலாளியிடம் சண்டை வேண்டாம். சட்டம் இதுதான் என்று பக்குவமாகச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது. பேசப் போகும்போது கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரே இடத்தில் ஒரு வருடம் வேலை செய்திருந்தால் அவருக்கும் 7 நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு 30 நாள் முன்பே, முடியாவிட்டால் குழந்தை பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அவர் தன் கம்பெனியில் சொல்லியாக வேண்டும். உங்களுக்கு எட்டாவது மாதம் என்றால், இந்த வாரமே சொல்லிவிடச் சொல்லுங்கள்.