நண்டுக் குஞ்சு எண்ணியவனிடம் கேளுங்கள்

வெள்ளாற்றுக் கழிமுகத்தில் நண்டுக் குஞ்சுகளை எண்ணிவிட்டுக் ஊரான கோபிச்செட்டிபாளையத்துக்குத் திரும்பியவன் நான். ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும் இவை.

கரூர் வாசகி: கண்ணுக்கே தெரியாத குஞ்சு கரைசேர்ந்ததை எப்படி அளப்பீர்கள்?

தெரியும் அம்மணி. கடலில் சோயியா என்னும் முதல் லார்வாவாக, அதாவது பொரிந்த இளம் உருவாக, மிதந்து வளர்ந்தது, மெகலோபா என்னும் கடைசி லார்வா ஆனதும் சில மில்லிமீட்டர் இருக்கும். பி.வி.சி. குழாயில் ஏசி வடிகட்டியின் முரட்டு நாரைச் சுற்றி நீருக்குள் தொங்கவிடுவோம். குஞ்சு அதைப் புல்லென்று பற்றிக்கொள்ளும். காலையில் எடுத்து நன்னீரில் ஊறவிட்டால் உதிரும். சல்லடையில் வடித்து எண்ணலாம். பாசி பிடித்த நாரை மறுபடி கட்டாதீர்கள், கணக்கு கெடும்.

அமெரிக்கச் செசபீக் விரிகுடாவின் நீல நண்டை இப்படித்தான் எண்ணினார்கள். இரவில் ஓதம், அதாவது கடல்நீர், ஏறும்போது மெகலோபா எழுந்து நீந்தும். இறங்கும்போது அடியில் பதுங்கும். உப்பு கூடுவதுதான் அதற்கு விசில். பல நாள் ஒன்றிரண்டே வரும். திடீரென்று சில இரவுகளில் கூட்டமாக இறங்கும். அன்று நீங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தால் ஆண்டுக் கணக்கே போயிற்று. ஒரு நாளும் விடாதீர்கள்.

காங்கேயம்: கிணற்று நீர் உப்பு. கடல் நண்டு வளர்க்கலாமா?

கரிப்பதெல்லாம் கடலாகாது. பொட்டாசியம், மக்னீசியம் விகிதம் வேறு. நீரைப் பரிசோதிக்காமல் குஞ்சு வாங்காதீர்கள்.

வெள்ளக்கோவில்: ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில்?

மேலே படியுங்கள்.

பவானி: எங்கள் வயல் நண்டும் காவிரியோடு கடலுக்குப் போய்த் திரும்புவதுதானே?

இல்லை ஐயா. அதன் லார்வாப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. பொரிந்து வருவது குட்டி நண்டு. தாயின் மடியில், அதாவது வயிற்றடி மடிப்பில், சில நாள் ஒட்டிக் கிடக்கும்.

பவானி, மீண்டும்: காலிங்கராயன் வாய்க்காலில் தண்ணீர் விட்ட மறுநாளே வந்துவிடுகிறதே?

வரவில்லை, வெளியே வந்தது. கோடை முழுக்க வரப்பு வளைக்குள் இருந்தது. கடலிலிருந்து ஏறிவர வேண்டுமானால் கல்லணையையும் மேலணையையும் தாண்ட வேண்டாமா?

சித்தோடு: பவானிக்காரர் சொல்வதே சரி. கடல் நண்டுக்கும் மடியில் முட்டை உண்டே!

உண்டு, பருமனைப் பாருங்கள். கடலோரச் சேற்று நண்டு பொடிப்பொடியாக லட்சக்கணக்கில் இடும். வயல் நண்டு சில நூறுதான், ஆனால் பெரிதாக. கட்டுச்சோறு கொடுத்து அனுப்பும் தாய் அது.

நாமக்கல்: சளிக்கு நண்டு ரசம் கேட்குமா?

என் அம்மாவைக் கேளுங்கள்.

காங்கேயம், வேறொருவர்: உப்புக் கிணறு...

பரிசோதனை!

பவானி, மூன்றாம் முறை: தாத்தா பொய்யா சொன்னார்?

தாத்தாவை விடுங்கள். நாளைக்கு வரப்பில் தாய் நண்டு கிடைத்தால் மடியை மெல்ல விரித்துப் பாருங்கள். பார்த்ததும் வளையிலேயே விட்டுவிடுங்கள், நாமக்கல்காரர் கண்ணில் படும் முன்.