மலையாள ஏகாங்க நாடகப் போட்டியில் தமிழ் நாடகம் எடுபடுமா?

நீங்கள் கேட்டிருப்பது இது. மூணாறு பக்கம் எட்டுப் பேர் சேர்ந்து நாடகக் குழு வைத்திருக்கிறீர்கள். பக்கத்து ஊர் வாசகசாலை ஆண்டுவிழாவில் ஏகாங்க நாடகப் போட்டி, அதாவது ஓரங்க நாடகப் போட்டி நடக்கிறது. கையில் தமிழ் நாடகம் தயாராக இருக்கிறது. அதைத் தமிழிலேயே போடலாமா, மலையாளத்துக்கு மாற்றிவிடலாமா என்கிறீர்கள்.

தமிழிலேயே போடுங்கள். நாங்கள் மாற்றிப் போட்டு ஒரு வருடத்தை வீணாக்கியவர்கள், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகா, ஆந்திரா சித்தூர் இல்லை. எங்களுக்கு வீட்டில் தமிழ், சந்தையில் இரண்டும், ஆபீசுக்குப் போனால் மலையாளம். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். 1956ல் மொழிவாரியாக மாநிலம் பிரித்தபோது செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் போனது, உங்கள் தேவிகுளமும் பீர்மேடும் கேரளாப் பக்கமே நின்றுவிட்டன. குழுவில் பாதிப் பேர் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களாக இருப்பீர்கள். ஒத்திகைக்கு ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் ஆள் சேரும். அந்தக் களைப்போடு இன்னொரு பாஷையில் வசனம் மனப்பாடம் பண்ணுவது என்னவென்று எனக்குத் தெரியும்.

எங்கள் நாடகம் தண்ணீரைப் பற்றியது. தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் நடுவில் உள்ள பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தப்படி வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு வழியாகக் கேரளாவுக்கு வர வேண்டும். எங்கள் சித்தூர் வயல்கள் அதை நம்பித்தான் இருக்கின்றன. ஒப்பந்தம் கையெழுத்தானது 1970ல். அன்றிலிருந்து தண்ணீர் வரும், குறையும், சண்டை வரும், அப்புறம் பேச்சுவார்த்தை வரும். இரண்டு பக்கமும் ஒரே சொந்தபந்தம். இங்கே பிறந்த பெண்ணைத் தமிழ்நாட்டுப் பக்கம் ஆனைமலையில் கட்டிக் கொடுத்திருப்பார்கள், அங்கே பிறந்தவள் இங்கே மருமகளாக இருப்பாள். நான் எழுதியதில் ஆனைமலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அக்கா, மகள் பெரியவளானதற்குத் தாய்மாமன் சீருக்குத் தம்பியை அழைக்க வருகிறாள். உச்சி வெயில். நடந்து வந்தவள் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்கிறாள். பயிர் காய்ந்து நிற்கும் தம்பி உடனே கொடுக்கவில்லை. அவ்வளவுதான் கதை. தண்ணீர் கேட்டதற்கும் கொடுத்ததற்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் நாடகம்.

முதல் வருடம் ஒரு நண்பர் அதை மலையாளத்தில் எழுதிக் கொடுத்தார். நல்ல மலையாளம், அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ‘தாய்மாமன்’ என்ற இடத்தில் ‘அம்மாவன்’ என்று போட்டதும் எனக்கே ஏதோ உதைத்தது. சொல் சரிதான். மலையாளத்தில் அம்மாவனுக்குப் பெரிய மரியாதை உண்டு, அந்தக் காலத்தில் தறவாட்டையே, அதாவது கூட்டுக் குடும்பத்தையே ஆண்டவர் அவர். ஆனால் தட்டு தூக்கிக்கொண்டு சீர் கொண்டுவரும் மாமன் இல்லை அவர். ‘நீ வராம எம்புள்ளைக்கு யாரு சீர் செய்வாங்க’ என்று எங்கள் அக்கா கேட்டால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குத் தொண்டை அடைக்கும். அதையே மலையாளத்தில் சொன்னபோது ஒரு தகவல் மாதிரி விழுந்தது.

அக்கா வேடம் போட்டவர் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர். தினமும் மலையாளம் பேசுகிறவர்தான். கடையில் பேசுவது வேறு, மேடையில் அழுதுகொண்டே பேசுவது வேறு. உச்சரிப்பு ஒரு இடத்தில் பிசகியது. பின்வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஒருவன் ‘பாண்டி’ என்று கத்தினான். தமிழர்களை இளக்காரமாகக் கூப்பிடும் சொல் அது. அதற்குப் பிறகு நாடகம் நாடகமாக இல்லை. திரை விழுந்ததும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “வசனம் மறக்கலீங்கண்ணா. வாய்தான் வரல.”

இதைப் படித்துவிட்டு மலையாளிகளைக் குறை சொல்கிறான் என்று யாராவது கிளம்புவார்கள். இல்லை. என் மூத்த மருமகள் மலையாளம்தான். கத்தியவன் ஒருவன், அவனை அதட்டி உட்கார வைத்தவர்கள் பத்துப் பேர், அந்தப் பத்துப் பேரும் மலையாளிகள். அடுத்த வருடம் எங்களைத் தமிழில் போடச் சொன்னவரும் மலையாளிதான். வாசகசாலையை நடத்தும் ஓய்வுபெற்ற மாஷ் ஒருவர், வாத்தியார். “நிங்ஙள் தமிழில் களிக்கூ, ஞங்ஙள்க்கு மனஸ்ஸிலாவும்” என்றார். நீங்கள் தமிழில் நடியுங்கள், எங்களுக்குப் புரியும் என்று அர்த்தம். நான் தயங்கியதைப் பார்த்து அவர் சொன்ன காரணத்தை உங்களுக்கும் சொல்கிறேன். பாலக்காட்டுப் பக்கம் பகவதி கோயில்களில் தோல்பாவைக்கூத்து நடக்கிறது. கூத்துமாடத்தில் திரை கட்டி, வரிசையாக விளக்கு ஏற்றி, ராத்திரி ராத்திரியாக ராமாயணம். பாடுவது கம்பன் பாட்டு, தமிழ்ப் பாட்டு. மலையாளத்து பகவதியே தமிழில் கூத்து கேட்கிறாள், எங்களுக்கு என்ன என்றார். எங்கள் பக்கத்து நாட்டுப்புறக் கூத்தான பொறாட்டு நாடகத்திலும் தமிழும் மலையாளமும் கலந்தேதான் வரும். இந்த மண்ணுக்கு இரண்டு பாஷையும் பழக்கம். அதை நாங்கள்தான் மறந்திருந்தோம்.

சரி, தமிழில் போட்டால் மட்டும் போதுமா? போதாது. முதலில் விதிமுறையைக் கேட்டுவிடுங்கள். சில போட்டிகளில் மொழியைக் குறித்திருப்பார்கள், மேடை ஏறும் நாளில் தெரிந்து பயன் இல்லை. நடுவர்களுக்குக் கதைச் சுருக்கத்தை மலையாளத்தில் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முதல் பெல்லுக்கும் இரண்டாவது பெல்லுக்கும் நடுவில் அறிவிப்பாளரை மலையாளத்தில் நாலு வரி சொல்ல வையுங்கள். யார் யாருக்கு என்ன உறவு என்பது மட்டும் போதும், முடிவைச் சொல்லக் கூடாது.

நேரத்தில் கவனமாக இருங்கள். எங்களுக்கு முப்பது நிமிடம் கொடுத்திருந்தார்கள். ஒத்திகையில் இருபத்து நாலில் முடித்தோம், மேடையில் இருபத்தெட்டு ஆனது. வேறு பாஷைக்காரர்கள் கேட்கும்போது ஒரு வசனம் போய்ச் சேர ஒரு மூச்சு அதிகம் விட வேண்டும், அந்த நேரத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க வேண்டும். எழுதியதில் நீளமான வசனம் எல்லாவற்றையும் வெட்டினேன். பழமொழிகளையும் எடுத்துவிட்டேன். ஆனால் கொச்சையைத் தொடவில்லை. எங்கள் வாயில் வருகிற தமிழ் அப்படியே இருந்தது.

மைக் இன்னொரு விஷயம். தொங்கவிட்ட மைக் இரண்டு, முன்னால் ஸ்டாண்ட் மைக் ஒன்று. முணுமுணுத்துப் பேசினால் மூன்றிலும் விழாது. அதனால் திண்ணையை மேடைக்கு முன்பக்கம் கொண்டுவந்து, அக்காவை ஸ்டாண்ட் மைக்குக்கு மூன்றடி தள்ளி உட்கார வைத்தோம். பக்கவாட்டு ஃபேன்களை நிறுத்தச் சொல்லுங்கள். சொம்பு பித்தளையில் வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். என் அம்மா சீராகக் கொண்டுவந்த சொம்பு அது, கழுத்தில் அவர் பெயரின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அதைப் புளி போட்டு விளக்கி வைத்திருந்தோம். விளக்கு வெளிச்சத்தில் கடைசி வரிசைக்கும் தெரிந்தது.

தமிழில் போட்ட அன்று பார்க்க வந்தவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் மலையாளிகள். பாதி நாடகம் வரை ஒரு சத்தமும் இல்லை. பிடிக்கவில்லையோ என்று பக்கத் திரைக்குப் பின்னால் நின்று எனக்கு வியர்த்தது. தம்பி சொம்பைக் கையில் எடுத்துவிட்டான். கொடுக்கவில்லை. “உங்கூட்டுப் பக்கம் மதகை மூடிப் போட்டு, எங்கூட்டுல வந்து தண்ணி கேக்கறயா அக்கா?” என்கிறான். அக்கா பதில் சொல்லாமல் வாசலைப் பார்க்கிறாள். அந்த இடத்தில் ஏழு விநாடி மௌனம் வைத்திருந்தோம். நாலாவது விநாடியில் முன்வரிசையில் இருந்து ஒரு வயதான அம்மா எழுந்து நின்று, “கொடுக்கெடா, அவள்க்கு வெள்ளம் கொடுக்கு” என்று சத்தம் போட்டார். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தம்பி வேடம் போட்டிருந்த பையனுக்குக் கை நடுங்கி, சொம்பில் இருந்த தண்ணீர் திண்ணையில் சிந்தியது. ஒத்திகையில் இல்லாதது அது. அக்கா அந்த ஈரத்தைக் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதுவும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் பல வருடமாக நாடகம் பார்க்கிறேன், அந்த மாதிரி ஒரு நிமிடம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

முதல் பரிசு எங்களுக்கு இல்லை. சிறந்த நடிகை அந்த அங்கன்வாடி அம்மாவுக்குக் கிடைத்தது. நடுவர்களில் ஒருவர் மொழி ஒரு தடை என்று எழுதியிருந்தார். அவருடைய கருத்து, நான் சண்டை போடவில்லை. பரிசுதான் முக்கியம் என்றால் என் பதில் உங்களுக்கு உதவாது.

எனக்கு அதைவிட வலித்தது வேறு. அதே நாடகத்தைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விழாவுக்குக் கொண்டுபோனோம். உங்கள் தமிழில் மலையாள வாடை அடிக்கிறது, திருத்திக்கொண்டு வாருங்கள் என்றார்கள். இங்கே பாண்டி, அங்கே மலையாளத்தான். நாங்கள் எந்த ஊரில் போய்ப் பேசுவது? தமிழில் அமெச்சூர் நாடகம் எப்படித் தொடங்கியது என்று அவர்களுக்குத் தெரியாதா? 1891ல் பெல்லாரியில் இருந்து சென்னைக்கு வந்த ஒரு தெலுங்கு நாடகக் குழுவைப் பார்த்துவிட்டுத்தான் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் சே. ராமானுஜம் திருச்சூர் நாடகப் பள்ளியில் மலையாளப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக் கொடுத்தார். அவரை யாரும் வாடை பார்த்து நிறுத்தவில்லை.

எழுத ஆரம்பித்தாகிவிட்டது, இதையும் சொல்லிவிடுகிறேன். கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான். என் சின்ன மகள் தமிழ் மீடியத்தில் பத்தாவது படித்தபோது பாதி வருடம் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. கேட்டுக் கேட்டு அலுத்து, அவளைப் பொள்ளாச்சியில் மாமா வீட்டில் விட்டு டியூஷன் படிக்க வைத்தோம். நன்றாகவே பாஸ் ஆனாள். ஆனால் அந்த வருடம் முழுக்க என் மனைவி வாரா வாரம் பஸ் ஏறிப் போய் அவளைப் பார்த்துவிட்டு வந்தாள். தமிழில் படிக்க வேண்டும் என்று நினைத்ததற்கு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டைவிட்டு இருக்க வேண்டியிருந்தது. நாடகம் போடும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

உங்கள் நாடகத்துக்கு வருகிறேன். வசனத்தை ஒரு முறை உங்கள் ஊரில் தமிழ் தெரியாத யாராவது ஒருவரை உட்கார வைத்து நடித்துக் காட்டுங்கள். அவருக்கு எந்த இடத்தில் கண் வேறு பக்கம் போகிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஷை புரியாத இடம் என்று நினைத்து அதை மாற்றப் போவீர்கள். அவசரப்படாதீர்கள். எங்களுக்கு அந்த மாதிரி நாலு இடம் வந்தது, நாலிலும் தமிழ் தெரிந்தவர்களும் கவனம் சிதறித்தான் உட்கார்ந்திருந்தார்கள். நான்தான் அங்கே எழுத்தில் சோம்பலாக இருந்திருக்கிறேன்.

போட்டி தேதி முடிவானால் இங்கேயே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நாங்கள் நாலு பேர் வண்டி பிடித்து வந்துவிடுவோம். பித்தளைச் சாமான் ஏதாவது வேண்டுமென்றாலும் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.